பூவேங்கைக்காக ஒரு கடிதம்

கோணூசியில் நூல் கோக்கும்போது அக்கா ஒரு கண்ணை மூடிக்கொள்வாள். சாக்கு தைக்கிற அந்த ஊசிக்கு அவ்வளவு கவனம் தேவையே இல்லை, கட்டைவிரலே நுழைந்துவிடும் என்று நான் கேலி செய்வேன். "சும்மா கெட ஏட்டி" என்பாள். வாரப் பத்திரிகையிலிருந்து கத்தரித்த தொடர்கதைத் தாள்கள் அவள் மடியில் அடுக்கியிருக்கும். ஓரத்தில் மூன்று துளை, தறியில் மிஞ்சிய நூல், மேலே பசை தடவி ஒட்டிய பழைய காலண்டர் அட்டை. சங்கரன்கோவிலில் எங்கள் வளவுக்குள் அந்தக் காலத்தில் புத்தகம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் உண்டாயிற்று.

அக்கா என்பது என் பெரியப்பா மகள். ஒரே வளவுக்குள் அடுத்தடுத்த வீடு. சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதினொன்று. அவளை எட்டாம் வகுப்போடு பெரியப்பா நிறுத்திவிட்டார். படிப்பு நின்றதே தவிர வாசிப்பு நிற்கவில்லை. நான்கு வீடுகள் சேர்ந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்கினோம். ரயிலில் கட்டு வந்து இறங்கியதும் முதல் வீட்டுக்குப் போகும். வீட்டுக்கு ஒரு நாள். கடைசியாக வாசிக்கிற வீட்டுக்கே பத்திரிகை சொந்தம். கத்தரித்துத் தைக்கலாம் என்பதற்காகவே அக்கா கடைசி முறையைக் கேட்டு வாங்கியிருந்தாள். அந்தச் சொந்தத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த வாரக் கதையைக் கிணற்றடியில் பேசாத வாய் கிடையாது. மூன்று நாளும் அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்பாள். வேண்டுமென்றே கதையைச் சத்தமாகச் சொல்லித் துரத்துகிற பெண்களும் இருந்தார்கள்.

நாங்கள் உயிரை விட்டது ஒரே ஒரு தொடர்கதைக்கு. அதன் நாயகி பூவேங்கை. அரண்மனையில் பிறந்து, சூழ்ச்சியால் தூக்கி எறியப்பட்டு, மலையில் ஆடு மேய்க்கிறவர்களிடம் வளர்ந்தவள். மிருகங்கள் பேசுவது அவளுக்குப் புரியும். ஒரு மந்திரவாதி அவள் நாட்டுப் படைவீரர்களை எல்லாம் பாறையாக்கி வைத்திருந்தான். ஏழு கணவாய்களைத் தாண்டி, ஒவ்வொரு பாறையாகத் தொட்டு உயிர்ப்பித்துக்கொண்டே அவள் வந்தாள். மற்றக் கதைகளில் இளவரசிகள் மயங்கி விழுவார்கள். பூவேங்கை விழுந்தால் முழங்காலில் சிராய்ப்பு வரும், எச்சிலைத் தொட்டு வைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். சண்டைக்கு முன்னால் வயிறு நிறையக் கம்பஞ்சோறு சாப்பிடுவாள். கோபம் வந்தால் கோபப்படுவாள். இப்போது என் பேத்தி வாசிக்கிற தடித்தடிப் புத்தகங்களில் டிராகன் மேல் ஏறிப் பறக்கிற பெண்கள் வருகிறார்கள், மந்திரவாதிகளை மூக்குடைக்கிறார்கள். எல்லாரையும் எனக்குப் பிடிக்கிறது. ஆனாலும் பசித்துச் சாப்பிட்ட பெண்ணின் மேல் உள்ள பிரியம் தனி.

அந்த வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த ராயகிரிக் குடும்பம் ஒன்று அக்காவைக் கோயிலில் பார்த்துப் பிடித்துப்போய்ப் பெண் கேட்டது. தாம்பூலம் மாற்றி, தையில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பக்கத்தில் கிடந்த பத்திரிகையை எடுத்து வாசிக்க ஆரம்பித்ததைக் கதவு இடுக்கு வழியாக அக்கா பார்த்துவிட்டாள். "வாசிக்குத மனுசன் ஏட்டி" என்று என் கையைக் கிள்ளினாள். அன்றைக்குக் கிள்ளிய கிள்ளு கன்றிப்போனது. அவள் மனசுக்கு அந்த இடம் அவ்வளவு பிடித்திருந்தது.

ஐப்பசியில் தொடர்கதை முடிந்தது. மந்திரவாதியைக் கொன்று நாட்டை மீட்ட பூவேங்கை, கடைசிப் பக்கத்தில், எங்கிருந்தோ வந்த பக்கத்து நாட்டு இளவரசனின் கையில் வாளைக் கொடுத்துவிட்டு அந்தப்புரத்துக்குள் போய்விட்டாள். அக்கா அதை வாசித்துவிட்டுச் சோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டாள். அன்று மத்தியானம் கோடு போட்ட தாளில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். பள்ளிக்கூடத்தில் மனு எழுதச் சொல்லிக்கொடுத்த மாதிரியே கீழே தன் பெயர், தகப்பனார் பெயர், தெரு, ஊர் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தாள். பிறகு மடித்து டிரங்குப் பெட்டிக்குள், சேலைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"போடலையா, அக்கா?"

"எழுதியாச்சுல்ல. மனசு ஆறிப்போச்சு. அது போதும்."

எனக்கு ஆறவில்லை. பூவேங்கையாக இருந்தால் பெட்டிக்குள் வைப்பாளா என்று நினைத்தேன். மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் கடிதத்தை எடுத்தேன். கவர் வாங்கி, பத்திரிகையின் கடைசிப் பக்கத்திலிருந்த விலாசத்தைக் கோணல்மாணலாக எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, ஒரு கோட்டையைப் பிடித்த மிதப்பில் வீட்டுக்கு வந்தேன். மூன்று வாரம் கழித்து அது அச்சில் வந்தது. கதைக்காகவே பத்திரிகை வாங்குகிற எங்கள் வளவில் கடிதப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை; நான் முதல் வீட்டிலேயே ஓடிப்போய்ப் பார்த்தேன். பெயர், தகப்பனார் பெயர், தெரு, ஊர், ஒன்றும் விடாமல் போட்டிருந்தார்கள். அங்கேயே உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். எங்கள் முறை வருகிற நாளில் அவளே பிரித்துப் பார்த்துத் திகைக்கட்டும் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன்.

எங்கள் முறைக்கு முந்தின நாள் காலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ராயகிரியிலிருந்து வந்தார். அந்தப் பக்கத்தை வெளிப்புறமாக மடித்த பத்திரிகை அவர் கையில் இருந்தது.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. பொம்பளப் பிள்ள பேரு அச்சுல வந்திருக்கு. அதுவும் புருசன் கையில ராச்சியத்தக் கொடுக்கப்பிடாதுன்னு. நாளைக்கு எங்க வீட்டுச் சங்கதியையும் எழுதிப் போட்டா நாங்க எங்கன போய் மொகத்த வைக்க?"

பெரியப்பா பத்திரிகையைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது. "எம்பிள்ள எழுதியிருக்காதுவே. எவனோ வேண்டாதவன் பேரப் போட்டு எழுதியிருக்கான்" என்றார்.

வந்தவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் சம்பந்தம் நிலைக்க வேண்டும் என்றுதான் ஆசை. "அப்பம் பிள்ளையே வந்து இல்லன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அது போதும்" என்றார்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். ஈரத் தலையோடு வந்து நின்றாள். பெரியப்பா அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். இல்லை என்று சொல்லிவிடு அக்கா, சொல்லிவிடு என்று உள்ளுக்குள் அரற்றினேன். அவள் பத்திரிகையை எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"நாந்தான் எழுதுனேன், மாமா."

"எழுதினது சரிம்மா. தபால்ல போட்டது யாரு?" என்றார் அவர்.

அக்கா ஈரத் தலையை அள்ளி முடிந்துகொண்டாள். தூண் பக்கம் திரும்பவில்லை. "அதுவும் நாந்தான்" என்றாள்.

ராயகிரியிலிருந்து தாம்பூலம் திரும்பி வந்தது. வாசிக்கிற அந்த மனிதன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. பெரியப்பா அந்தப் பத்திரிகையையும் மறுநாள் எங்கள் முறைக்கு வந்ததையும் வெந்நீர் அடுப்பில் போட்டார். பிறகு எங்கள் வளவுக்குள் பத்திரிகை வரவே இல்லை, மாதக்கணக்கில் அவர் மகளோடு பேசவும் இல்லை. அக்கா எல்லாருக்கும் தெரிய அழவில்லை. துணி துவைக்கும்போது மட்டும் தேவைக்கு அதிகமாக அடித்துத் துவைத்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. பயந்தாங்கொள்ளி. பின்னாளில் ஆசிரியையாகி நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று உண்மை பேசவேண்டும் என்று பாடம் நடத்தியபோதெல்லாம் அந்தத் தூண் என் ஞாபகத்துக்கு வந்து நாக்கைக் குழற வைத்திருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து அவளை இளையரசனேந்தலில் கட்டிக்கொடுத்தார்கள். மானாவாரி நிலம், வாசிப்பில் நாட்டமில்லாத, ஆனால் நல்ல மனுஷரான அத்தான், நான்கு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பூவேங்கை வாளை யாரிடமும் கொடுக்கவில்லை. ஆடுகளையும் அரண்மனைக்கு ஓட்டிக்கொண்டு வந்து, கடைசி வரை அவளே ஆண்டாள். இளவரசனுக்குக் குதிரை லாயத்தில் நல்ல வேலை கிடைத்தது.

அக்காவுக்கு எழுபது தாண்டிய பிறகு ஒரு நாள், அவள் வீட்டு முற்றத்தில் இரண்டு பேரும் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். என்னவோ, அன்றைக்கு அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அந்தக் கடிதத்தைப் போட்டது நான்தான், உன் வாழ்க்கையைக் கெடுத்தது நான்தான் என்று அழுதேன். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்து இன்னும் அழுதேன்.

"கைய கழுவிட்டு அழு, கோட்டிக்காரி" என்றாள் அக்கா. "எனக்கு அன்னைக்கே தெரியும். அந்த ராயகிரிக்காரர் பேசுதது காதுல விழுந்ததும் பெட்டில கைய விட்டுப் பாத்தேன், தாளக் காணும். ஒன்னையத் தவிர யாருக்குத் தெரியும், அது அங்கன இருக்குன்னு?"

"பிறகு ஏன் என்னைச் சொல்லல?"

"சொன்னா ஒன்னையும் பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திருப்பாக, மக்கா. ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா யாருக்கு லாபம்?"

அவள் பாட்டுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நான் எழுதுனத முழுசாப் போட்டிருந்தானா? இல்ல, பாதிய வெட்டிட்டானா? நான் அதப் பாக்கவே இல்லையே."

அறுபது வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக எனக்குள் கிடந்த வரிகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். "ஐயா, ஏழு கணவாய்களைத் தனியாகத் தாண்டி வந்தவளுக்குத் தன் நாட்டைக் காக்கத் தெரியாதா? பாறைக்கு உயிர் கொடுத்தவளுக்கு அந்தப்புரத்தில் என்ன வேலை? அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாளை வாங்கினீர்களா?" பிறகு பெயர், தகப்பனார் பெயர், தெரு, ஊர்.

அக்கா கிள்ளுவதை நிறுத்தி, தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டாள்.

"சரியாத்தாம்ட்டி எழுதியிருக்கேன்" என்றாள்.