மச்சான் ஊரில் ஒரு ஹோட்டல் அறை

சுங்காயிலிருந்து ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம். காலையில் போய்க் கடைத்தெருவெல்லாம் சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். ராத்தங்க வேண்டிய அவசியமே இல்லை. அப்படியே தங்குவதென்றாலும், என் மனைவியின் அண்ணன் அங்கேயே புந்தோங் பகுதியில் மூன்று அறை வீடு வைத்திருக்கிறார். அந்த ஊரில் நாங்கள் அறை எடுப்பது, கல்யாண வீட்டுக்குக் கட்டுச்சோறு கொண்டுபோவது மாதிரி. எங்கள் சனங்களிடம் இதற்கு மன்னிப்புக் கிடையாது. உறவுக்காரர் இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினவன் என்று பெயர் வாங்கிவிட்டால், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட அந்தப் பேச்சு எட்டிப்பார்க்கும்.

ஆனால் கேட்டது என் மனைவி. பள்ளி விடுமுறை விட்ட வாரம். அவள் பள்ளிக்கூடக் கண்டினில் சமைக்கிறவள்; விடுமுறை அவளுக்கும் சேர்த்துத்தான்.

“ஈப்போக்குப் போலாம். ஆனா அண்ணன் வீட்டுக்கு வேணாம்” என்றாள்.

“ஏன், அண்ணனோட சண்டையா?”

“சண்டையெல்லாம் இல்லைங்க. அங்க போனா நேரா குசினிதான். வீட்டுல குசினி, கண்டின்ல குசினி, லீவு விட்டா அண்ணன் வீட்டுக் குசினி. ஒரே ஒரு ராத்திரி, யார் வீட்டு அடுப்பும் கண்ணுல படாம நான் தூங்கணும்.”

நகை கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அதில் எனக்குப் பல வருடப் பயிற்சி உண்டு. இதில் பயிற்சி இல்லை. சரி என்றேன். பிறகுதான் இது ஒரு தலைமறைவுத் திட்டம் என்று புரிந்தது. தலைமறைவுக்கு நான் பொருத்தமான ஆள் அல்ல. செம்பனை எண்ணெய் ஆலையில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவன். எங்கே போனாலும் வயிறு முதலில் போய்ச் சேரும், நான் பின்னால் வருவேன்.

மகள் கைத்தொலைபேசியில் தேடி அறையைப் பிடித்தாள். பள்ளியில் கடைசி வகுப்பான படிவம் ஆறு முடித்து அடுத்து என்ன படிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறவள். அறை பிடிக்கிற விஷயத்தில் யோசிக்கவில்லை. ஈப்போவின் புதிய நகரப் பகுதியில், கீழே சட்டி பானைக் கடை, மேலே ஹோட்டல். மாடிப்படி அவ்வளவு குறுகல். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனால்தான் நானும் பெட்டியும் ஒரே சமயத்தில் ஏற முடியும். மேலே மேசைக்குப் பின்னால் ஒரு சீனத்து அம்மா ஊறுகாய்ப் பழம் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறையில் மூன்று கட்டில், ஒரு மின்விசிறி, ஒரு குளிர்சாதனம், எதிர்க்கட்டடத்துச் சுவரைப் பார்க்கிற ஒரு சன்னல். மனைவி சுற்றும் முற்றும் பார்த்தாள்.

“அடுப்பு இல்ல” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக ஒன்று இல்லாததைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பகல் முழுக்கச் சுற்றினோம். பெரிய பசாரில் மீன் பக்கம் போனதும் அவள் கால் தானாக நின்றது. வாவல் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கப் போன கையை மகள் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். “அம்மா, நீங்க இன்னிக்கு டூரிஸ்ட்டு. மீனப் பாக்கலாம், தொடக்கூடாது.” ஆற்றைத் தாண்டிப் பழைய நகரத்துக்கு நடந்தோம். அங்கே ஒரு சந்தில் மனிதர்கள் மனிதர்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தில் நான் ஒரு வைக்கோல் தொப்பி வாங்கினேன், மாறுவேடத்துக்காக. விளிம்பு குடை அளவுக்கு இருந்தது. அதுவரை என்னைத் திரும்பிப் பார்க்காதவர்கள் அதற்குப் பிறகு பார்த்தார்கள்.

லிட்டில் இந்தியாதான் ஆபத்தான இடம். மச்சானுக்கு அங்கே தெரியாத கடைக்காரர் இல்லை. ஆனால் ஈப்போ வந்து அந்தத் தெருவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? துணிக்கடையில் மகளுக்கு ஒரு பாவாடை, மனைவிக்கு ஒரு சேலை என்று பார்த்துவிட்டு வளையல் கடைக்குள் நுழைந்தோம். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். என் தொப்பி தூணுக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது.

“வாங்கக்கா, எப்ப வந்தீங்க? அண்ணே நல்லா இருக்காரா?” என்றாள் வளையல் கடைக்காரி.

மனைவி வெளிறிப்போனாள். “எந்த அண்ணே?”

கடைக்காரி தூணைக் கைகாட்டினாள். “அதோ அங்க நிக்கிறாரே, தொப்பி. உங்க வீட்டுக்காரர்தானே?”

அதற்குள் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிரோடு ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் தின்றோம். மூவரும் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் மாதிரி ஒரே வரிசையில். கடைக்கார பாய் இரண்டு முறை வந்து, எதிர்ப்பக்கத்தில் நாற்காலி இருக்கிறதே என்று ஞாபகப்படுத்தினார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஹோட்டலுக்குத் திரும்புகிற வழியில் மனைவி ஒரு பழக்கடையில் நின்றாள். ஆப்பிளைத் தட்டிப் பார்த்தாள். பச்சைத் திராட்சையில் ஒன்றைப் பிய்த்துத் தின்று பார்த்து, வேறு கொத்து எடுத்தாள். பக்கத்துக் கடையில் ஒரு டின் பிஸ்கட்டும் வாங்கினாள்.

“யாருக்கு?” என்றேன்.

“அண்ணன் வீட்டுக்கு.”

“அவருக்குத் தெரியாமத்தானே வந்திருக்கோம்?”

“தெரியாம வந்தா? ஈப்போக்கு வந்துட்டு அண்ணன் வீட்டுக்கு ஒண்ணும் வாங்காமப் போறதா?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். ஒருவரிடமிருந்து ஒளிந்துகொண்டிருக்கும்போதுகூட வெறுங்கையோடு ஒளியக்கூடாது என்பது எங்கள் வளர்ப்பு. இதில் தர்க்கம் பேச முடியாது. பேசுகிறவனுக்கும் உள்ளுக்குள் அது சரியென்றே படும்.

அவளே திட்டமும் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் லோரி ஓட்டப் போயிருப்பார், அண்ணி தொழிற்சாலையில் இருப்பார். நான் போய்ப் பையை வீட்டுக் கேட்டில் மாட்டிவிட்டு வந்துவிட வேண்டும்.

“யாரு மாட்டுனதுன்னு யோசிப்பாங்களே?”

“சாமி குடுத்ததுன்னு நெனச்சுக்குவாங்க.”

சாமி பிஸ்கட் டின் கொடுத்து நான் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் அறைக்குப் போய்க் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, எழுந்த மயக்கத்தில் காலுக்குக் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு, தொப்பி சகிதம் காரை எடுத்தேன்.

மச்சான் வீட்டு வாசலில் அவருடைய கார் நின்றது. கார் நின்றால் ஆள் இல்லை, லோரியில் போயிருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். கேட்டில் பையை மாட்டினேன்.

“யாரது?” என்றது கார்.

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஓடியிருக்கலாம். ஆனால் என் வாய் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டது.

“நான்தான் மச்சான்.”

“அட, மச்சானா! வாங்க வாங்க. என்னா ஒரு போன்கூடப் போடல? தங்கச்சி எங்க? புள்ள எங்க?”

“பசார்ல இருக்காங்க மச்சான். சும்மா சாமான் வாங்க வந்தோம். தோ, இப்பவே ஊருக்குத் திரும்பிடறோம்.”

அவர் மல்லாந்தபடியே வெளியே நகர்ந்து வந்தார். காருக்கு அடியிலிருந்து வருகிற மனிதனின் கண்ணுக்கு முதலில் படுவது வந்தவனுடைய கால். இதை நான் யோசித்திருக்கவில்லை.

“செருப்புல என்னா மச்சான் நம்பரு?”

குனிந்து பார்த்தேன். நீல ரப்பர் செருப்பு, இரண்டிலும் வெள்ளைச் சாயத்தில் கொட்டை எழுத்தில் பன்னிரண்டு. ஹோட்டல் குளியலறைச் செருப்பு. யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க அறை எண்ணை எழுதி வைத்திருந்தார்கள்.

“அது… சைஸு மச்சான்.”

“பன்னெண்டா? நீங்க ஏழுதானே போடுவீங்க?”

அவர் லோரி ஓட்டுகிறவர். வடக்கிலும் தெற்கிலும் எத்தனையோ மலிவு ஹோட்டல்களில் படுத்து எழுந்தவர். செருப்பில் எண் எழுதுகிற வழக்கம் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? எழுந்து உட்கார்ந்தார். கையில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார், துடைத்த விரலையே மறுபடி மறுபடி துடைத்தார்.

“எந்த ஹோட்டல்?” என்றார்.

சொன்னேன். அவர் உள்ளே பார்த்து, “கெளம்பு” என்றார். அன்றைக்குச் சீக்கிரம் வேலை விட்டு வந்திருந்த அவர் மனைவி ஈரக்கையோடு வெளியே வந்து, என்னையும் தொப்பியையும் பார்த்தார். “என்னாண்ணே, மீன் புடிக்கப் போறீங்களா?”

அந்தக் குறுகல் படியில் மச்சான் எனக்கு முன்னால் ஏறினார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நான் ஏறினேன், கோபமான முதுகு. எனக்குப் பின்னால் அண்ணி. கதவைத் தட்டியதும் மகள் திறந்தாள், பார்த்தாள், ஒரு நொடி மறுபடி சாத்தப் போனாள். உள்ளே என் மனைவி தலைக்குக் குளித்து, துண்டைச் சுற்றிக்கொண்டு, கட்டிலில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் காலை மடக்கினாள்.

மச்சான் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்.

“எங்க வீட்டுல எடம் இல்லையாமா?”

“இருக்குண்ணே.”

“பாயி இல்லையா? தலாணி இல்லையா? நான் ஏதும் சொன்னேனா?”

“இல்லண்ணே.”

“அப்புறம் என்னா? எடு பைய. வீட்டுக்குப் போலாம்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்தேன். அவளுடைய ஒரு ராத்திரி என் காலில் மாட்டிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தேன். அவள் எழுந்தாள், தலைத் துண்டை அவிழ்த்தாள், பையைக்கூட எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். பிறகு மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்கு வந்து நான் எப்பயாச்சும் ஹால்ல ஒக்காந்து பாத்திருக்கீங்களா?”

மச்சான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார்.

“அங்க என்னை யாரும் வேல செய்யச் சொல்லல. ஆனா அண்ணி தனியா நின்னு செய்யும்போது நான் எப்படி ஒக்கார்றது? அதான் வரல.”

இப்போது அண்ணி கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணவரைத் தாண்டி உள்ளே வந்தார். மூன்றாவது கட்டிலில் உட்கார்ந்து, ஒரு தடவை எம்பிப் பார்த்தார்.

“நீ வாரன்னு சொன்னாலே ரெண்டு நாளைக்கு முன்னாடி நான் வீட்டக் கழுவ ஆரம்பிக்கணும், தெரியுமா?” என்றார் என் மனைவியிடம். “நீ வந்தா எனக்கு ஒத்தாசை, உனக்கு நான் ஒத்தாசை. ரெண்டு பேரும் நிக்கிறதுதான் மிச்சம். இங்க சுடுதண்ணி வருதா?”

“நல்லா வருது அண்ணி.”

“துண்டு?”

மகள் எடுத்து நீட்டினாள். அண்ணி வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனார்.

“என்னா நீ! குளிக்கப் போற?” என்றார் மச்சான். “அங்க ஒல வெச்சுட்டு வந்தியே?”

“அணைச்சிட்டுத்தான் வந்தேன்.” கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “நீங்க போயி ஏத்துங்க. கோழி ஊற வெச்சிருக்கு. அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க, அந்தத் தொப்பியோட இங்க எடம் பத்தாது.”

இப்படித்தான் நானும் மச்சானும் புந்தோங் வீட்டில் தங்கினோம். சோறு அடிப்பிடித்தது. கோழி வேகவில்லை என்று அவர் சொன்னார். வெந்துவிட்டது என்று நான் சொன்னேன். தின்று பார்த்ததில் அவர் சொன்னது சரி. கடைசியில் முட்டையைப் பொரித்து ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“நான் ஒக்காரச் சொல்லாமயா இருந்தேன் மச்சான்?” என்றார்.

“சொன்னீங்க மச்சான். சொல்லிட்டுத் தேத்தண்ணி கேட்டோம்.”

“நீங்கதானே கேப்பீங்க.”

“உங்களுக்கும் சேர்த்துத்தான் கேப்பேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தட்டைக் கழுவும்போது மறுபடி முகம் தொங்கிப்போயிற்று. அந்த மனவருத்தம் முழுக்க ஆறிவிட்டது என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

காலையில் இருவரும் ஹோட்டலுக்குப் போனோம். பன்னிரண்டு மணிக்கு முன்னால் யாரும் கதவைத் தட்டக்கூடாது என்று சொல்லியிருப்பதாகச் சீனத்து அம்மா மலாயில் சொன்னார். யார் சொன்னது என்று கேட்டோம். “மூன்று பேரும்” என்றார். கீழே இறங்கிச் சட்டி பானைக் கடையை வேடிக்கை பார்த்தோம். அவ்வளவு நேரம் பார்த்ததால் மச்சான் ஒரு வடிதட்டு வாங்க வேண்டியதாயிற்று.

கதவு திறந்தபோது மூவர் கண்களும் சிவந்திருந்தன.

“நல்லாத் தூங்குனியா?” என்றேன் மனைவியிடம்.

“தூங்கல. பேசிட்டே இருந்தோம். தூங்கி எதுக்கு வீணாக்கணும்?”

பைகளை எடுத்தோம். மூன்று கட்டிலிலும் போர்வைகள் கசங்கி, ஒன்று பாதி தரையில் கிடந்தது. அண்ணி போகிற போக்கில் ஒன்றின் முனையைப் பிடித்து மடிக்கக் குனிந்தார். “விடுங்க அண்ணி, அதுக்கு ஆள் வருவாங்க” என்றாள் என் மனைவி. அவர் விட்டுவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு போர்வையை மடித்து அறியாத எனக்கு, என்னவோ அந்த நிமிடம் பார்த்து அதை மடிக்கத் தோன்றியது. குனிந்தேன்.

“தொடாதீங்க” என்றாள்.