அண்ணன் என்னை ‘நீங்க’ என்றார்

எங்கள் பிராணி நல அமைப்பின் வேனுக்கு வரும் அழைப்புகளில் பலவும் நாயைக் காப்பாற்றச் சொல்லி வருவதில்லை. “இதை இங்கேருந்து தூக்கிட்டுப் போங்க” என்றுதான் வரும். மும்பை செம்பூரிலிருந்து ஒருநாள் வந்த அழைப்பும் அப்படித்தான். கட்டடத்தின் பார்க்கிங்கில் ஒரு நாய், கழுத்தில் புண், நாற்றம் தாங்க முடியவில்லை. முகவரியை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டேன். அது என் அண்ணன் குடியிருக்கும் கட்டடம். அங்கே குடியிருப்போர் சங்கமான சொசைட்டிக்குச் செகரட்டரியும் அவர்தான்.

நான் தாராவிக்காரன். தோல் பை தைக்கிற பட்டறையில் இருந்தேன். பட்டறையை மூடியதும் இந்தப் பிராணி நல அமைப்பில் நாய் பிடிக்கிற ஆளாகச் சேர்ந்தேன். பிறகு டிரெஸ்ஸிங், ஊசி, ஆபரேஷன் முடிந்த நாய்களைப் பார்த்துக்கொள்வது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். அண்ணன் பரமசிவம் படித்தவர். ஆபீஸ் உத்தியோகம் பார்த்து செம்பூரில் ஃபிளாட் வாங்கினார். நல்லது கெட்டதுக்கு அவர் வீட்டுக்குப் போவேன். வேலை உடுப்போடு ஒருநாளும் போனதில்லை.

அன்று அந்த உடுப்பில்தான் வேனிலிருந்து இறங்கினேன். கையில் வலை, இடுப்பில், நாய் கடிக்காமல் அதன் வாயில் மாட்டும் முகவாய்க் கட்டு. கூட எங்கள் டாக்டர் மேடம். கேட்டில் நாலைந்து பேரோடு அண்ணன் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். ஒரு கணம் அவர் உதடு அசைந்தது. பிறகு, “வாங்க. நீங்கதான் வேன்காரங்களா? நாய் அந்தக் கடைசிக் காருக்கு அடியில கெடக்கு” என்றார்.

என்னை அவர் ‘ஏல’ என்றுதான் கூப்பிடுவார். வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று என் வாயில் வந்தது, “சரிங்க சார்.”

கயிறு

அது பெட்டை நாய். குட்டியாக இருக்கும்போது யாரோ விளையாட்டாகக் கழுத்தில் நைலான் கயிறு கட்டியிருக்கிறார்கள். கட்டியவர் மறந்துவிட்டார். நாய் வளர்ந்தது, கயிறு வளரவில்லை. தோலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கி, வெளியே முடிச்சு மட்டும் தெரிந்தது. சுற்றிலும் புழு.

வலை போட வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் மாடியில் இருக்கும் கல்யாணி என்ற அம்மாள் பிஸ்கட்டோடு உட்கார்ந்து கூப்பிட்டதும் நாய் தவழ்ந்து வந்தது. தினமும் அதற்குச் சோறு வைப்பது அவர்தான்.

“கிட்ட வரதுக்கு எனக்கே பயமா இருந்தது. கழுத்தைத் தொட்டா கத்தும். கயிறு உள்ள இருக்கும்னு தோணவே இல்லையே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் முகவாய்க் கட்டைப் போட்டு நாயை மடியில் வாங்கினேன். சீழும் ரத்தமும் சட்டையெல்லாம் ஆயிற்று. கூட்டத்தில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இந்த வேலைக்கெல்லாம் எப்படித்தான் ஆள் வருதோ, செகரட்டரி சார்” என்றார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த ஆள் மேல் கோபம் வரவில்லை. நான் என் அண்ணன் பார்க்கும்படி அந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்கிறேனே என்றுதான் இருந்தது.

கிளம்பும்போது அண்ணன் டாக்டரிடம், “திரும்பக் கொண்டாந்து விட்ராதீங்க மேடம். கமிட்டி முடிவு” என்றார்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். புண்ணை ஆற்றி, கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, அடையாளத்துக்குக் காது நுனியை வெட்டிய பிறகு, எடுத்த இடத்திலேயே விட வேண்டும். அதுதான் சட்டம். வேறு இடத்தில் விட்டால் அங்குள்ள நாய்கள் கடித்துக் குதறிவிடும்.

வேன் நகர்ந்ததும் டாக்டர் என்னிடம், “அந்த செகரட்டரி உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாரே, தெரிந்தவரா?” என்று கேட்டார். “எங்க ஊர்க்காரர்” என்றேன்.

சாப்பாடு

புண் ஆற நாளாயிற்று. எங்கள் கூண்டுகள் எப்போதும் நிறைந்தே இருக்கும். ஆறும் நிலைக்கு வந்த நாயை, வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்க ஓர் ஆள் பொறுப்பேற்றால் சீக்கிரம் அனுப்பலாம். அந்தக் கூண்டு இன்னொரு நாய்க்குக் கிடைக்கும். கல்யாணி அம்மாள் தானே எங்கள் ஆபீசுக்குப் போன் செய்து ஏற்றுக்கொண்டார்.

நாயைக் கொண்டுபோய் விட்டபோது வாசலில் யாரும் தகராறு செய்யவில்லை. கமிட்டியில் அண்ணன் என்ன பேசினாரோ தெரியாது. நாய் காருக்கடியில் போய்ப் படுத்ததும் அவர் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “ஏல, சாப்ட்டுட்டுப் போ. பின்னாடி படிக்கட்டு வழியா வா” என்றார்.

போயிருக்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். அண்ணன் கூப்பிட்டார், போனேன். கைகால் கழுவி, பையில் வைத்திருந்த மாற்றுச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். மதினி இலை போட்டிருந்தாள். “கொழம்பு ஊத்திக்கிடுங்க, ஏன் கூசிக் கூசி உக்காந்திருக்கிய?” என்றாள்.

இரண்டு வாய் உண்டிருப்பேன். காலிங் பெல் அடித்தது. கல்யாணி அம்மாள். கையில் மாத்திரைப் பட்டை. “செகரட்டரி சார், இந்த மாத்திரை ஒரு வேளையா ரெண்டு வேளையான்னு கேக்க மறந்துட்டேன். வேன்காரர் நம்பர் உங்ககிட்ட இருக்கா...” என்று வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

அண்ணன் சட்டென்று, “மருந்து விவரம் சொல்ல வந்தவருதான். சாப்பிட்டுப் போகச் சொன்னேன்” என்றார்.

அந்த நேரம் அண்ணன் மகள் செல்வி அடுக்களையிலிருந்து செம்போடு வந்தாள். காலேஜ் போகிற பெண். அவளுக்கு எதுவும் தெரியாது. “சித்தப்பா, தண்ணி” என்று என் முன்னால் வைத்தாள்.

கல்யாணி அம்மாள் என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு மாத்திரைப் பட்டையை நீட்டி, “ரெண்டு வேளையா?” என்றார்.

“ரெண்டு வேளைதாம்மா. சோத்துல பொதிஞ்சு குடுங்க” என்றேன்.

அவர் போன பிறகு அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. கேட்டில் நான் பட்ட வெட்கத்தைவிட அதிகமாக அவர் அப்போது பட்டார். அவரை அப்படிப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. இலையை மடித்து எழுந்துவிட்டேன். “வாரேம்ணே” என்றேன். முன்வாசல் வழியாகப் போவதா, பின்படிக்கட்டா என்று ஒரு நிமிஷம் நின்றேன். முன்வாசலைச் செல்வி திறந்துவிட்டாள்.

நோட்டீஸ் போர்டு

அதன்பின் வெகுநாள் அண்ணன் பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

“ஏல, இங்க புதுசா குட்டியோட நாய் ஒண்ணு வந்திருக்கு. சின்னப் பிள்ளைங்க குட்டி கழுத்துல கயிறு கட்டி வெளாடுதுவ. போர்டுல எழுதிப் போடலாம்னு இருக்கேன். என்ன எழுத?”

சொன்னேன். கழுத்தில் கயிறு, ரிப்பன், ரப்பர் எதுவும் கட்டக் கூடாது. சோறு வைப்பவர்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைத்துவிட்டு, இடத்தைக் கழுவிவிட வேண்டும். புண்ணைக் கண்டால் நாற்றம் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். பழைய பெட்ஷீட், செய்தித்தாள் இருந்தால் எங்களுக்குக் கொடுக்கலாம். அண்ணன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி எழுதினார்.

கடைசியில், “விவரத்துக்கு உன் நம்பரப் போடட்டா?” என்றார்.

“போடுங்க.”

“யாருன்னு போட?”

‘தம்பி’ என்று போடச் சொல்லியிருக்கலாம். “பேரு மட்டும் போதும்ணே” என்றேன். அவரும், “சரி” என்றார்.

எங்களிடம் உதவிக்கு வரும் இளையவர்கள் நாயைக் குளிப்பாட்டவும் கூண்டு கழுவவும் தயாராகத்தான் வருகிறார்கள். கடிபட்டவர்கள் பயந்து ஓடியதை நான் அதிகம் பார்த்ததில்லை. வீட்டில் டியூஷன், ஜிம் என்று பொய் சொல்லிவிட்டு வந்தவர்கள்தான் சீக்கிரம் நின்றுபோகிறார்கள். ஆகவே புதிதாக வருகிறவர்களிடம் கையுறை கொடுக்குமுன் நான் கேட்பது ஒன்றுதான்: “எங்க போறோம்னு வீட்ல சொல்லிட்டு வந்தீங்களா?” சிலர் தலையைக் குனிந்துகொள்வார்கள். “மொதல்ல அதைச் சொல்லிட்டு வாங்க, நாய் எங்கயும் போகாது” என்று அனுப்பிவைப்பேன்.