மிச்சம் மூன்று

போன ஆண்டு தீபாவளி முடிந்த கையோடு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டரில் நடந்தது இது. கிள்ளானில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கணிதப் பட்டம் இருக்கிறதே, டீச்சராகப் போகலாம் என்று கிளம்பினேன். முதலில் போன இடத்தில் மாதிரி வகுப்பிலேயே நா உலர்ந்து பாதியில் உட்கார்ந்துவிட்டேன். இங்கேயும் கோட்டை விட்டால் இந்த ஆசையையே மூட்டை கட்டிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

எனக்கு இயல்பிலேயே இருப்புக்கொள்ளாது. அன்று கேட்கவே வேண்டாம். கொமுட்டர் ரயிலில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. சீக்கிரமே வந்துசேர்ந்து, பூமாலைக் கடைகளுக்கு முன்னால் மேலும் கீழும் நடந்தேன். தே தாரேக், அதுதான் நுரை பொங்க ஆற்றித் தரும் பால் டீ, ஒன்று வாங்கிக் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தேன்.

இங்கேயும் ஒரு மாதிரி வகுப்பு. எதிரில், பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள். தலைப்பு, மீதித் தேற்றம். கணக்குகளை வீட்டிலேயே தயாரித்துக் கொண்டுபோயிருந்தேன். சென்டரை நடத்தும் மேடம் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். "இதெல்லாம் பழைய பரீட்சைக் கேள்வி, பிள்ளைங்களுக்கு மனப்பாடம். சொந்தமா ஒண்ணு போடுங்க டீச்சர்," என்று சொல்லிவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டார்.

கை அதுபாட்டுக்கு எழுதியது: x³ − 2x² + 4x − 5. இதற்கு (x − 2) ஒரு காரணி என்று காட்டுங்கள். நீட்டி வகுக்க வேண்டாம், x இருக்கும் இடத்தில் 2 போட்டுப் பாருங்கள், பூஜ்யம் வந்தால் மீதியில்லாமல் வகுபடும் என்று பெரிய ஆள் மாதிரி விளக்கினேன்.

பின்வரிசையில் ஒருவன் கை தூக்கினான். "டீச்சர், ஸீரோ வரல லா. மூணு வருது."

எல்லாத் தலைகளும் ஆமாம் என்று ஆடின. தொலைந்தது, எல்லாம் தப்பு, அழித்துவிட்டு ஓடிவிடலாம் என்று டஸ்டரை எடுத்தும்விட்டேன். பலகைக்குக் கை போனபோதுதான் அந்த மூன்று உறைத்தது. எல்லாம் எங்கே தப்பு? மூன்றுதானே அதிகம்!

"சரி, மூணு மிச்சம். அது இல்லாமப் போகணும்னா எந்த நம்பர மாத்தலாம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கடைசி நம்பர் டீச்சர்," என்றாள் முன்வரிசைப் பெண். "மைனஸ் அஞ்ச மைனஸ் எட்டாக்குங்க."

ஆக்கினோம். எட்டு, மைனஸ் எட்டு, மறுபடி எட்டு, மைனஸ் எட்டு. பூஜ்யம்! வகுத்தும் பார்த்தோம், x² + 4 என்று சுத்தமாக வந்தது.

வகுப்பு முடிந்ததும் மேடம் கேட்டார். "வேணும்னேதானே தப்பா போட்டீங்க? நல்ல டெக்னிக்."

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "இல்ல மேடம், பதற்றத்துல போட்டுட்டேன்," என்றேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

ரயிலில் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். ஒரு ஆமாம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? போனைக் கைப்பையில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தேன். ஷா ஆலம் ஸ்டேஷன் தாண்டும்போது மெசேஜ் வந்தது. "சனிக்கிழமை வந்துடுங்க டீச்சர். அடுத்த தடவை கணக்கப் போட்டுப் பாத்துட்டு எழுதுங்க." பக்கத்தில் இருந்தவர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன்.

இப்போதும் எதிலாவது சறுக்கினால், எல்லாம் போச்சு என்றுதான் மனம் முதலில் அலறுகிறது. எவ்வளவு போச்சு என்று அதனிடம் திருப்பிக் கேட்கிறேன். பெரும்பாலும் கைவிரல் எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுகிறது.