அம்மாவுக்காகக் கட்டித் தொங்கவிட்ட தயிர்

கண்ணுகளா, போன ஞாயிற்றுக்கிழமை கேக்குக்கு மேலே பூச அப்பா ஒரு கிரீம் செய்தேன் அல்லவா, அந்தக் கதையை எழுதி வைக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் பார்த்தது பாதிதான். மீதிப் பாதி எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து இரண்டு வருடம் ஆகிறது. பாப்பா, போன வருடம் உன் பிறந்த நாளுக்கு முதல் துண்டை நீ அம்மா வாய்க்கு நீட்டினாய். அம்மா வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். நீ அந்தத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டாய், நீயும் தின்னவில்லை. இந்த வருடம் பத்து நாளுக்கு முன்பே, "கேக்கெல்லாம் வேண்டாங்ப்பா" என்றாய்.

"ஏன் அம்மிணி?"

"அம்மா திங்காத கேக்கு எனக்கெதுக்குங்ப்பா?"

அடுத்த டெஸ்ட்டிலும் ஏறியிருந்தால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதனால் "ஒரு வாய்தானே, தின்னு புள்ள" என்று சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா பயப்படாமல் உன் கையால் ஒரு வாய் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு என்ன வழி என்றுதான் இறங்கினேன்.

பனியன் கம்பெனியில் பக்கத்து மெஷினில் நிற்கும் தூத்துக்குடிக்காரரிடம் கேட்டேன். "கருப்பட்டி போட்டுச் செய்யுங்க அண்ணாச்சி, அதுல ஒண்ணும் ஏறாதுல்லா" என்றார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. மாத்திரை வாங்கப் போனபோது நர்ஸம்மாவிடம் இதைச் சொன்னால், அந்தம்மா சிரிக்கிறார்.

"கருப்பட்டியும் ஏத்துமுங்க, வெல்லமும் ஏத்துமுங்க, தேனும் ஏத்துமுங்க."

"அப்புறம் எதைத்தானுங்க போடறது?"

"இனிப்புக்குன்னு சர்க்கரை இல்லாத பொடி விக்குதுங்க. அதைத் துளியூண்டு போடுங்க. அதுக்குன்னு கிண்ணம் கிண்ணமாக் குடுத்துறாதீங்க."

பெருமாநல்லூர் ரோட்டில் கேக் சாமான் விற்கிற கடைக்குப் போய்ப் பொடியை வாங்கினேன். கிரீமுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்குக் கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "இதை அடிச்சாப் போதுமுங்க, சர்க்கரையே போட வேண்டாங்க." இவ்வளவு சுலபமா என்று வாங்கி வந்தேன். தம்பி, நீதான் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தாய்.

"அப்பா, இதுலயே சர்க்கரை கெடக்குதுங்ப்பா. அதனாலதான் வேற போட வேண்டாம்னிருக்காரு."

அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. இன்னும் ஃப்ரீசரில்தான் இருக்கிறது.

பிறகு போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கெட்டித் தயிரைப் பருத்தித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் அந்தப் பொடியையும் எசென்ஸையும் போட்டு அடித்தால் கிரீம் மாதிரி வருமாம். பருத்தித் துணிக்கா நம் ஊரில் பஞ்சம்? சனிக்கிழமை சாயங்காலம் கம்பெனியில் கேட்டு, ஒரு வெள்ளைப் பனியன் துணி பிட்டு வாங்கி வந்தேன். புதுத் துணி, பால் மாதிரி வெள்ளை. இதைவிடச் சுத்தம் வேறு இல்லை என்று நினைத்தேன். ஒரு லிட்டர் தயிரை அதில் கொட்டி, சமையல்கட்டுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் பார்த்தால், பனியன் துணிக்கு இழுவை உண்டல்லவா, தயிரின் கனத்துக்கு மூட்டை சாக்ஸ் மாதிரி நீண்டு, கீழே வைத்த சட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தது. வடிந்த தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தது. நான் அதைத் தூக்கிப் பிழிந்துகொண்டிருந்தபோது அம்மா வந்தாள். அம்மா செக்கிங் டேபிளில் நாள் முழுக்கத் துணியைத் தடவிப் பார்க்கிறவள். அந்த மூட்டை ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்தாள், மூக்கருகே கொண்டு போனாள்.

"ஏனுங்க, இது ஃபினிஷிங் ஆன துணியாச்சே. சாஃப்ட்னர் வாடை வருது."

"வெள்ளையா இருக்குதேன்னு..."

"வெள்ளைக்கும் மருந்து போட்டுத்தானுங்க வெள்ளையாக்கறீங்க? நீங்களே ஓட்டுன துணியா இருக்கும். எனக்குச் சர்க்கரை பத்தாதுன்னு சாஃப்ட்னரும் குடுக்கப் பாக்கறீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணி மென்மையாக வர அந்த மருந்தைக் கலந்து விடுவதே என் வேலை. பதினாறு வருடமாக அதைச் செய்கிறவனுக்கு, தயிர் கட்டும்போது மட்டும் எப்படி மறந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஒரு லிட்டரையும் கொட்டினேன்.

மறுபடி தயிர் வாங்கி வந்து, துவைத்துத் துவைத்து நைந்துபோன என் பழைய வேட்டியில் கிழித்து, வெந்நீரில் அலசிக் கட்டினேன். மத்தியானத்துக்கு மேல் நன்றாகவே வடிந்திருந்தது. பொடியை ஒரு ஸ்பூன் போட்டதும் நாக்கில் கசப்பு ஏறியது. இன்னும் கொஞ்சம் தயிர் சேர்த்தேன். ஒருவழியாக இனிப்பு மாதிரி ஒன்று வந்தது. பேக்கரியில் வாங்கி வைத்திருந்த வெறும் கேக்கின்மேல் பூசி, தோசைத் திருப்பியால் தடவினேன். சுவருக்குப் பட்டி பார்த்த மாதிரி இருந்தது என்று நீங்கள் இருவரும் கேலி செய்தீர்கள்.

மெழுகுவத்தி ஊதி, பாப்பா கத்தியை எடுத்தபோதுதான், தம்பி, நீ மெதுவாகக் கேட்டாய்.

"அப்பா, மேல இருக்கறது சரிங்ப்பா. அடியில இருக்கறது பேக்கரிக் கேக்குத்தானுங்களே? அதுல சர்க்கரை இல்லீங்களா?"

பத்து நாளாகக் கிரீம், கிரீம் என்று அலைந்தவன், அடியில் கேக் என்று ஒன்று இருப்பதை நினைக்கவே இல்லை. பாப்பா, உன் முகம் போன வருடம் போலவே வாடிப்போயிற்று.

அம்மாதான் ஒரு ஸ்பூனை எடுத்து உன் கையில் கொடுத்தாள். "மேல இருக்கறதை வழிச்சுக் குடு கண்ணு. உங்கப்பன் எனக்குன்னு பண்ணுனது அதுதானே." நீ வழித்து ஊட்டினாய். அம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். "தயிர் மாதிரித்தான் இருக்குது," என்றாள், "ஆனா நல்லாத்தான் இருக்குது." அதன் பிறகுதான் நீ ஒரு துண்டு எடுத்தாய்.

கேக் வெட்டுமுன், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற மெஷினில் அம்மாவுக்கு நூற்று நாற்பத்திரண்டு இருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து நூற்று ஐம்பத்தெட்டு. "இது பரவாயில்லீங்க" என்றாள். ஆனால் அந்தப் பதினாறு எதனால் ஏறியது? தயிரா, பொடியா, ஸ்பூனில் ஒட்டி வந்த கேக் தூளா, நடுவில் அம்மா குடித்த சர்க்கரையில்லாத காப்பியில் இருந்த பாலா? எனக்குப் பிடிபடவில்லை. நல்லது செய்தேனா, ஆசை காட்டிவிட்டேனா என்பதும் தெரியவில்லை.

மிச்சக் கேக்கை எடுத்துக்கொண்டு நீங்களும் அம்மாவுமாகப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போனீர்கள். மீந்த கிரீமை ஒரு தூக்குப்போசியில் போட்டேன். கம்பெனியில் ஒவ்வொரு துணிக் கட்டுக்கும் கட்டுகிற அட்டை ஒன்று என் சட்டைப் பையில் கிடந்தது. அதில் 'சர்க்கரை இல்லை' என்று எழுதப் போனேன். பேனா நின்றுவிட்டது. தெரிந்ததை மட்டும் எழுதினேன்: 'ஒரு ஸ்பூன். முன்னால் 142. பின்னால் 158.' அட்டையைப் போசியின் கைப்பிடியில் நூலால் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் அம்மா கண்ணில் படுகிற இடத்தில் வைத்து, கதவைச் சாத்தினேன்.