காராகத் தெரிந்த டாங்கி

"எண்ணூர் பக்கம் ஒரு டேங்க் கீதும்மா. நாளைக்குக் காலைல போய்ப் பாத்துட்டு வந்துரு" என்று மஜீது பாய் போனில் சொன்னபோது, ஃப்ளோரா எண்ணெய் டேங்க் என்றுதான் நினைத்துக்கொண்டாள். அதில் அவள் தப்பு ஒன்றுமில்லை. பதினாலு வருஷமாக அவள் பார்த்த டேங்கெல்லாம் எண்ணெயோ அமிலமோ தண்ணீரோ வயிற்றில் வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நிற்கிறவை.

ஃப்ளோரா ராயபுரத்துக்காரி. அப்பா ஹார்பரில் கிரேன் ஓட்டினவர். டிப்ளமோ முடித்த கையோடு மஜீது பாய் திருவொற்றியூரில் நடத்தும் சின்ன ஆய்வுக் கம்பெனியில் சேர்ந்தாள். அவள் வேலை தெர்மல் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆலை ஆலையாகச் சுற்றுவது. சூடான பொருள் அதில் வெள்ளையாகத் தெரியும், குளிர்ந்தது கறுப்பாக. எந்த பேரிங் தேய்கிறது, எந்தக் குழாயின் உறை உள்ளே கிழிந்திருக்கிறது என்று தொடாமலே சொல்லிவிடுவாள். ஒரு ஆலையில் "இந்த மோட்டார் ரெண்டு நாள் தாங்காது" என்றாள். மூணாம் நாள் காலையில் அது புகைந்து நின்றது. அதிலிருந்து மணலி புதுநகர் வரைக்கும் அவளுக்குச் சூட்டக்கா என்று பேர். கண்ணை நம்பாதே, சூட்டை நம்பு என்பாள் புதிதாகச் சேருகிறவர்களிடம்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஆட்டோ அவளை இறக்கிவிட்ட இடத்தில் கம்பிவேலி, அதற்குள் சீமைக்கருவேலம் மண்டிய உப்புத் தரை, ஒரு கூடாரம். டேங்க் எதையும் காணோம். வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த தஸ்னீம் என்ற இன்ஜினியர் வந்து கைகொடுத்தாள். முப்பது வயது இருக்கும்.

"டேங்க் எங்கம்மா கீது?"

"அதத்தாங்க்கா நீங்க கண்டுபிடிக்கணும்."

அது எண்ணெய் டேங்க் இல்லை, சண்டை போடுகிற டாங்கி என்பது அப்போதுதான் தெரிந்தது. தஸ்னீம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். டாங்கி செய்கிற கம்பெனியின் பேரை வெளியே சொல்லக் கூடாதாம். எடை குறைந்த டாங்கி, முப்பது டன்தான். இன்னும் மாதிரி வண்டி, பீரங்கிகூட வெறும் குழாய். எதிரியின் ராடாருக்கும் தெர்மல் கேமராவுக்கும் அகப்படாமல் செய்திருக்கிறார்கள். அறுநூறு மீட்டருக்குள் எங்கோ நிற்கிறது, ஒரு மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும்.

முப்பது டன் இரும்பு, அதற்குள் ஓடுகிற இன்ஜின். இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரமா என்று ஃப்ளோரா மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

வெயில் ஏறாத நேரம், கேமராவுக்குத் தோதான நேரம். நீள லென்ஸை மாட்டி வலதுகோடியிலிருந்து ஆரம்பித்தாள். நாலு ஆடு. ஒரு நாய். கம்பத்து டிரான்ஸ்பார்மர். இடது பக்கம் முந்நூறு மீட்டரில் ஒரு கார், முன்பக்கம் மட்டும் சூடு. யாரோ இப்போதுதான் நிறுத்தியிருக்க வேண்டும். வெறும் கண்ணுக்கு அங்கே புதர்தான் தெரிந்தது. மூணு தடவை சுற்றினாள். நடுவில் அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. கழிப்பறை கிடையாது, பல இடங்களில் அவளுக்குப் பழகிப்போன விஷயம்தான். "தோ வந்துடறேன்" என்று தஸ்னீமிடம் சொல்லிவிட்டுப் புதர் மறைவுக்குப் போய்வந்தாள்.

ஒரு மணி நேரம் முடிந்தது. "இங்க டாங்கி இல்ல. ஒரு கார்தான் கீது" என்றாள் உறுதியாக.

தஸ்னீம் வாக்கிடாக்கியில் ஒரு வார்த்தை சொன்னாள். கேமராவில் அந்தக் கார் அணைந்தது. விளக்கை அணைத்த மாதிரி, பட்டென்று. அங்கே புதரும் மண்ணும் மட்டும் இருந்தன. ஃப்ளோரா கேமராவைக் கண்ணிலிருந்து எடுத்தாள். கருவேலம் மளமளவென்று முறிய, வீடு உயரத்துக்கு ஒன்று வெளியே வந்தது. சத்தம் பெரிதாக இல்லை, லாரி உறுமுகிற அளவுக்குத்தான்.

"ஏசுவே!" என்று இரண்டடி பின்னால் போனாள். வண்டியைவிட, கேமராவில் பார்த்த அந்தக் கார்தான் அவளை உலுக்கியது. சூடு எப்படிப் பொய் சொல்லும்?

பக்கத்தில் போய்ப் பார்த்தாள். வளைவே இல்லை, அட்டையை மடித்துச் செய்தது போல எல்லாம் சரிவுப் பலகைகள். ராடார் அலையை வந்த பக்கம் திருப்பாமல் வேறெங்கோ சிதறடிப்பதற்கு அப்படி என்றாள் தஸ்னீம். பக்கமெல்லாம் உள்ளங்கை அகல அறுகோண ஓடுகள். பின்னால் மண் எவ்வளவு சூடோ அவ்வளவுக்கு ஒவ்வொரு ஓடும் தானாகச் சூடேறும், குளிரும். கார் மாதிரி காட்டச் சொன்னால் காட்டும். புகையில் வெளிக்காற்றைக் கலந்து ஆற்றித் தரையோரமாக விடுகிறது. சக்கரத்தைச் சுற்றி ரப்பர்ப் பட்டை. பீரங்கி இருக்கும் மேல்பகுதியில் ஆளே கிடையாது. மூணு பேரும் கீழே கவச அறையில் உட்கார்ந்து திரையில் வெளியைப் பார்ப்பார்கள்.

"அவங்க இன்னா பாத்தாங்க?" என்று கேட்டாள் ஃப்ளோரா.

டாங்கியின் கேமரா எடுத்த பதிவைக் கூடாரத்தில் போட்டார்கள். திரையில் ஒரு வெள்ளை உருவம், அதைச் சுற்றிச் சதுரக் கட்டம். உருவம் தண்ணீர் குடித்தது, கழுத்தைச் சொறிந்தது. கட்டம் கூடவே நகர்ந்தது. அது தான்தான் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் உருவம் புதரை நோக்கி நடந்தது. குளிர்ந்த கிளைகளுக்கு நடுவே வெள்ளையாக, தெளிவாக. கட்டம் அங்கேயும் போனது.

தஸ்னீம் பதறிப்போய் நிறுத்தினாள். ஃப்ளோராவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

டாங்கியை ஓட்டின பீம்ராவ், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வாசலிலேயே தலைகுனிந்து நின்றார். "நீங்க புதர்ப் பக்கம் போனதுமே நான் திரையை அணைச்சிட்டேன்மா, சத்தியமா. கட்டம் தானா ஆளைத் தேடிப் பிடிக்கும். பீரங்கியும் அது கூடவே திரும்பும்."

"ஒரு மணி நேரமா என் மேல பீரங்கி திரும்பிக்கினு இருந்துதா?"

ஃப்ளோரா தஸ்னீம் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பகுதிய அழிங்க. இப்போ, என் கண்ணு முன்னால."

சோதனைப் பதிவை அழிக்க அனுமதி இல்லை என்று தஸ்னீம் ஆரம்பித்தாள். "அப்ப என் ரிப்போர்ட்டும் இல்ல" என்று ஃப்ளோரா கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். தஸ்னீம் யார் யாருக்கோ போன் செய்தாள். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, "நானும் பொம்பளதானே அக்கா. முதல்லயே யோசிச்சிருக்கணும்" என்றாள். அழித்துக் காட்டினாள். நாளைக்குள் கழிப்பறை வரும் என்றும் சொன்னாள்.

வீட்டில் கணவன் வால்டர், "காரா? டாங்கியப் பாத்து காருன்னியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. மிச்சத்தை அவனிடம் சொல்லவும் இல்லை.

மறுநாளும் போனாள். போகாமல் இருந்திருக்கலாம், மஜீது பாயே வேண்டாம் என்றார். ஆனால் அவ்வளவு பெரிய இன்ஜினின் சூடு எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும் என்ற எண்ணம் அவளைத் தூங்கவிடவில்லை. இந்தத் தடவை வண்டியைத் தேடவில்லை, தரையைத் தேடினாள். ஈர உப்பு மண்ணில் மங்கலாக இரண்டு கோடுகள். ரப்பர்ப் பட்டை உரசி விட்டுப்போன சூடு. கோடுகள் முடிந்த இடத்தில் ஒரு புதரின் அடிப்பக்கம் மட்டும் மற்றதைவிட வெளுத்திருந்தது. ஆற்றிவிட்ட புகை அதன்மேல் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"தோ, அந்தப் புதருக்குப் பின்னால" என்றாள். பதினோரு நிமிஷம்தான் ஆகியிருந்தது. வாக்கிடாக்கியில் பீம்ராவின் குரல் "ஆமா" என்றது. தஸ்னீம் வாக்கிடாக்கியைக் கீழே வைத்தாள். அவர்களுடைய மூணு வருஷ உழைப்பு அது.

ரிப்போர்ட்டை ஃப்ளோரா ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தாள். புகைவழியை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், மறுபடி கூப்பிடுவோம் என்று தஸ்னீம் சொல்லியிருக்கிறாள். போவாளா என்பது அவளுக்கே தெரியாது.

வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலைக்கு நடுவே, விளையாட்டுக்காக, கூட இருப்பவர்கள் முகத்தில் கேமராவைக் காட்டிச் சிரிப்பது அவள் வழக்கமாக இருந்தது. போன வாரம் மங்கை என்ற ஒப்பந்தத் தொழிலாளி, "அக்கா, என்னையும் அதுல காட்டேன்" என்று ஆசையாக முன்னால் வந்து நின்றாள். ஃப்ளோரா கேமராவைத் தூக்கினாள். திரையில் வெள்ளையாக ஒரு உருவம் பல்லைக் காட்டிச் சிரித்தது. அதைச் சுற்றி ஒரு சதுரக் கட்டம் இருப்பது போல அவளுக்குத் தோன்றியது. லென்ஸை மூடிவிட்டு, "வேணாம்மா, வா, டீ குடிக்கலாம்" என்று நடந்தாள்.