எதிர்க்கோட்டில் நின்ற இராசநாயகம் அண்ணை

இராசநாயகம் அண்ணை இறந்த செய்தி எனக்கு டேனிஷ் மொழியில் வந்தது. இக்காஸ்ட் நகரத் துணித் தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்த கிர்ஸ்டன்தான் தொலைபேசியில் சொன்னாள். "ராசா இன்று காலை போய்விட்டார். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்" என்றாள். தெரியாது. அவர் வீடு என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். நம்முடைய மனிதர் போனதை ஒரு டேனிஷ்காரி சொல்லித்தான் நாம் அறிய வேண்டியிருந்தது என்றால், அதில் வெட்கப்பட நிறைய இருக்கிறது.

அவரை உங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவிலும் பிள்ளைகளின் கலைவிழாவிலும் கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோடு நின்றுவிட்டு, சாப்பாடு பரிமாறத் தொடங்குமுன் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர். இங்கே பிறந்த பிள்ளைகள் அவரைக் கூச்சக்காரர் என்று நினைத்திருப்பார்கள். கூச்சமாவது! தொழிற்சாலைக் களஞ்சியத்தில் அவர் சிரிக்கத் தொடங்கினால் அடுத்த கட்டடத்தில் தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்ன விஷயம் என்று கேட்பார்கள். அவர் ஏன் நம்மிடையே அப்படிச் சுவரோடு நின்றார் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். நாம் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

ஊரில் யுத்தம் முடிந்த ஆண்டின் வசந்தகாலம் அது. தொழிற்சாலையில் வருடாந்த விருந்தைக் காசினோ போல நடத்துவதாக முடிவாகியிருந்தது. மேசைகள் வாடகைக்கு, காசுக்குப் பதில் பிளாஸ்டிக் வில்லைகள். விழாக் குழுவுக்குத் தலைவி கிர்ஸ்டன். இளவயதில் கப்பலொன்றின் காசினோவில் வேலை செய்தவள். பகடை மேசைக்கு ஆட்டம் தெரிந்த நாலு பேராவது வேண்டும் என்று சொல்லி அண்ணையையும் என்னையும் பிடித்துக்கொண்டாள். "நீங்கள் இரண்டு பேரும் கன்டீனில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். வந்து பகடை எறியுங்கள்" என்றாள். நாங்கள் ஏன் சுவரைப் பார்த்தோம் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அண்ணையின் தங்கை குடும்பத்தோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள்.

மதிய இடைவேளைகளில் துணி வெட்டும் மேசையில் படிப்பு நடந்தது. கிர்ஸ்டன் ஒட்டுநாடாவால் கோடுகள் போட்டாள். எறிகிற பகடை மேசையின் மறுமுனையில் வைத்த அட்டைப்பெட்டியில் பட்டுத் திரும்ப வேண்டும். அண்ணைக்கு முதல் நாளே சிக்கல். தாயம் உருட்டிப் பழகிய மனிதர். பகடைகளை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கடகடவென்று உருட்டினார். கிர்ஸ்டன் மணிக்கட்டில் தட்டினாள். "ஒரு கை! ஒரு கை! இரண்டு கையும் பட்டால் பகடையை மாற்றிவிட்டாய் என்பார்கள்." அடுத்து நானும் அதே பிழையை விட்டேன். கடைசியில் அண்ணை இடது கையைக் காற்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு எறிந்தார். "பாத்தியே, களவெடுக்காத கைக்கும் விலங்கு போடுறாள்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் வயிறு நோகச் சிரித்தேன். காலையில் வன்னி ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்த செய்தியை வாசித்துவிட்டு வந்தவன் நான். சிரித்த கையோடு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அண்ணையின் முகமும் சுருங்கிப் போனது. இருந்தாலும் அடுத்த நாளும் போனோம்.

ஆட்டம் இதுதான். எறிகிறவர் முதலில் இரண்டு பகடையும் சேர்த்து ஓர் எண்ணைப் போடுவார். ஏழு விழுமுன் அதே எண் திரும்ப விழுந்தால் வெற்றி. ஏழு முந்திக்கொண்டால் தோல்வி. நுணுக்கங்கள் வேறும் உண்டு, அவை எங்களை நன்றாக அலைக்கழித்தன. சுற்றி நிற்கிறவர்கள் எறிகிறவர் வெல்வார் என்று ஒரு கோட்டில் வில்லை வைப்பார்கள். தோற்பார் என்று வைப்பதற்கும் ஒரு கோடு உண்டு. நாங்கள் அதை எதிர்க்கோடு என்றோம். அந்தப் பக்கம் வெல்கிற வாய்ப்பு மயிரிழை கூடுதல் என்று கிர்ஸ்டன் சொன்ன நாளிலிருந்து அண்ணை அங்கேதான் வைத்தார். "ஆனால் அங்கே நிற்கிறவன் கை தட்டக் கூடாது. நீ வெல்லும்போது மற்ற எல்லாரும் தோற்றிருப்பார்கள்" என்று அவள் எச்சரித்தாள்.

அந்த மே மாதத் தொடக்கத்தில் நம் தமிழ்ச் சங்கக் கூட்டம் மண்டபத்தில் நடந்தது. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நடக்கவிருந்த கோப்பன்ஹேகன் ஊர்வலத்துக்கு பஸ் பிடிப்பது பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். அண்ணை எழும்பினார். "முடிஞ்சுது. எங்கள் எல்லாருக்கும் தெரியும், முடிஞ்சுது. இனிச் சனத்தை வெளியில விடச் சொல்லிக் கேப்பம். ரெண்டு பக்கத்திட்டயும் கேப்பம், இயக்கத்திட்டயும்" என்றார். மேலே சொல்ல விடவில்லை. முன்வரிசையிலிருந்து "துரோகி" என்று ஒரு குரல் வந்தது. பிறகு பல குரல்கள். ஒருவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். அண்ணை தன் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். நான் கத்தவில்லை. எழும்பவும் இல்லை.

விருந்து நடந்த சனிக்கிழமை பின்னேரம் அவரை நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். "வீட்டில இருந்தால் ரீவியைத்தான் பாக்கவேணும், வாறன்" என்றார். மேசையைச் சுற்றி ஒரே ஆரவாரம். பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிற ஒரு பொடியன் எறிந்தான். எல்லோருடைய வில்லைகளும் அவன் பக்கம். பழக்கதோஷத்தில் அண்ணை மட்டும் எதிர்க்கோட்டில் வைத்தார். ஏழு விழுந்தது. மேசையே "ஓ" என்று ஓய்ந்தது. பொடியன் சிரித்துக்கொண்டே அண்ணையின் முதுகில் தட்டி, டேனிஷில், "துரோகி!" என்றான். வெறும் பகிடி. எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணையின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. வில்லைகளை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. பிறகு தன்னிடம் இருந்த வில்லைகள் முழுவதையும் அள்ளி, எறிகிறவர் கோட்டுக்குத் தள்ளினார். அதன் பிறகு எதிர்ப்பக்கம் வைக்கவேயில்லை. மற்றவர்களோடு சேர்ந்து சத்தம் போட்டார், சத்தம் போட்டே தோற்றார். திரும்பும் வழியில் காரில் மெதுவாகச் சொன்னார்: "எல்லாரும் சேர்ந்து தோத்தம். அது பரவாயில்லாமல் இருந்தது."

அடுத்த நாட்களில் யுத்தம் முடிந்ததாக அறிவித்தார்கள். தங்கை அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தாள். அவளுடைய மூத்த மகன் வரவில்லை.

அந்தப் பிள்ளைக்காக அண்ணை வீட்டில் படம் வைத்து விளக்கேற்றியபோது நம்மில் சிலர் போனோம். கூட்டத்தில் கத்தியவர்களில் ஒருவரும் வந்தார். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொல்லியிருப்பார்: "நீங்கள் சொன்னது சரியாப் போச்சு அண்ணை." அண்ணை உடனே மறித்தார். "அதை மட்டும் சொல்லாதேங்கோ. முடிஞ்சுது எண்டு வாயால சொல்லிப்போட்டு, நான் பிழையாப் போகவேணும் எண்டுதான் ஒவ்வொரு நாளும் கும்பிட்டனான். என்ர வாய்தான் அவனைத் திண்டுதோ தெரியாது" என்றார். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தோம்.

சுவரோடு நிற்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நாம் அவரைத் தள்ளி வைத்ததாக இப்போது சிலர் வருந்துகிறார்கள். வருந்த வேண்டியதுதான். ஆனால் நம் கோபம் ஆறிய பிறகும் அவர் வரிசைக்குள் வராததற்கு வேறு காரணம் இருந்தது. சரியாகச் சொன்னவர் என்று நாம் மரியாதை செய்துவிடுவோம் என்று அவர் பயந்தார். அந்த மரியாதையை வாங்கிக்கொள்ள அவருக்கு மனம் இல்லை.

போன மாதம் ஹேர்னிங் ஆஸ்பத்திரிக்கு அவரைப் பார்க்கப் போனேன். நன்றாக மெலிந்துவிட்டார். கிர்ஸ்டன் கொண்டுவந்த பூக்கள் யன்னலில் இருந்தன. ஊர்க்கதை, பேரப்பிள்ளைகளின் கதை எல்லாம் கதைத்தோம். புறப்பட எழும்பியபோது கையைப் பிடித்தார். இத்தனை வருடத்தில் ஒருமுறையும் கேட்காததைக் கேட்டார்.

"அண்டைக்கு மண்டபத்தில, என்ர பக்கத்தில இருந்து நீ என்ன நினைச்சனி?"

"கனகாலம் அண்ணை, ஞாபகம் இல்லை" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "பரவாயில்லை, பனி கொட்டுது, கவனமா காரை ஓடு" என்றார். காரில் ஏறிய பிறகு திரும்பிப் போகலாமா என்று யோசித்தேன். அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்து வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கேள்விதான். தனியாக ஒரு மனிதர் பிள்ளையைத் தின்ற வாய் என்று தன்னையே நொந்துகொண்டு இவ்வளவு காலம் இருந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்தவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாரம் பாதியாகியிருக்கும். அன்று மண்டபத்தில் இருந்த உங்களுக்கு முன்னால் இப்போது சொல்கிறேன். கேட்க வேண்டியவர் இல்லை.

ஓம் அண்ணை. நானும் நீங்கள் சொன்னதைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான்.