சந்தியில் எடுத்த பிள்ளை

மொன்றியலுக்கு வந்த முதல் கோடையில், படிக்கட்டில் யாரோ "சந்தியாகோ! சந்தியாகோ!" என்று கூப்பிட, மன்னாரில் இருக்கிற என் தம்பி சந்தியாகுதான் வந்துவிட்டானாக்கும் என்று கதவைத் திறந்துவிட்டேன். நின்றது மேல்வீட்டு ஸ்பானியப் பெண்ணின் மகன். வெட்கத்தில் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மகள் அந்தப் பெண்ணிடம் பிரெஞ்சில் விசாரித்து வந்தாள்.

"அது ஸ்பெயின்காரரின்ர பழைய பேரம்மா. சாந்த் எண்டா புனிதர், யாகோ எண்டா எங்கட யாகப்பர். யாக்கோபு எண்டதில இருந்து வந்ததாம். குதிக்காலைப் பிடிச்சவன் எண்டு கருத்து. போர்த்துக்கீசர் கொண்டுவர, நாங்கள் சந்தியாகு ஆக்கிப்போட்டம்."

எங்கள் வீட்டில் அதற்கு வேறு கருத்து இருந்தது. சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஐந்து. பொரித்த மீனுக்கு மாமாவும் தம்பியும் ஒன்றாகக் கை நீட்டினார்கள்.

"வீட்டுப் பிள்ளை எண்டு நினைப்போ? உன்னைச் சந்தியில கண்டெடுத்ததடா. அதுதான் சந்தியாகு," என்றார் மாமா.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். தம்பி கை கழுவி, தன் மற்றக் காற்சட்டையையும் எடுத்துக்கொண்டு சந்திக்குப் போய், யாகப்பர் சுரூபத்தின் கீழே உட்கார்ந்துவிட்டான்.

"என்ர அம்மா வருவா. நீ போ," என்று என்னைக் கலைத்தான். போகிற வருகிற பெண்களின் முகத்தையெல்லாம் பார்த்தான், மீன்காரியைக்கூட.

அம்மா அவிழ்ந்த தலையோடு ஓடிவந்தாள். மாமா சொன்னது பொய் என்பாள் என்று நினைத்தேன். அவளோ அவன் பக்கத்தில் மண்ணில் இருந்தாள்.

"என்னைக் கண்டெடுத்ததோ?"

"ஓம். மாமாதான் எடுத்துத் தந்தவர்."

"ஆர் போட்டது?"

"நான்தான் ராசா. இதிலதான் படுக்கவைச்சனான். 'இனி இது உம்மட பிள்ளை, நீர்தான் காப்பாத்தவேணும்' எண்டு யாகப்பரிட்டச் சொல்லிப்போட்டு, வளர்த்துக் குடுக்கத் திருப்பி வாங்கினனான்."

தம்பி காற்சட்டையை எடுத்துக்கொண்டான். "மாமா மீனை முடிச்சிருப்பாரோ?" என்று எழும்பினான்.

வழிநெடுக நான் அம்மாவோடு கதைக்கவில்லை. என்னை ஒரு சுரூபத்தடியிலும் போட்டு எடுக்கவில்லையே என்று எனக்குப் பெரிய குறை. எனக்கும் தம்பிக்கும் நடுவில் பிறந்த இரண்டு பேர் தொட்டிலிலேயே செத்துப்போனது எனக்குத் தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.